கொரியாவின் ஹேயின்சா மலைமடம்: ஓர் இரவாவது தங்கிப் பாருங்கள்

ஈயஎழுத்து (அங் மோ கியோ), ஞாயிறு இரவு 10.12

பள்ளி விடுமுறைக்குக் கொரியா போகிறவர்கள் இந்த இழையில் நிறையப் பேர் இருப்பீர்கள். சோல், நாமி தீவு, ஜேஜு என்று எழுதி வைத்திருப்பீர்கள். ஹேயின்சா என்ற பௌத்த மலைமடத்துக்கும் ஓர் இரவு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனதைப் போனதாகவே கணக்கு வைக்க முடியாது.

அது ஒரு பயண முகவர் ஏற்பாடு செய்த குழுப் பயணம், பெயர் வேண்டாம். மடத்துக்கு அவர்கள் ஒதுக்கியது 40 நிமிடம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து முதல் வாசல்வரை ஏறுவதிலேயே பாதி நேரம் போய்விட்டது. மேலே போய் மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது வழிகாட்டி கொடியை உயர்த்தித் திரும்பச் சொன்னார். எண்பதாயிரம் மரப்பலகைகள் அடுக்கியிருக்கும் கட்டடத்தின் வெளிச்சுவரைப் பார்த்ததோடு சரி. அன்றைக்கே நினைத்துக்கொண்டேன், இங்கே அப்பாவைக் கூட்டிவர வேண்டும், அவசரம் இல்லாமல் வர வேண்டும் என்று.

அப்பாவுக்கு இப்போது 78 வயது. பதினேழு வயதில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டராகச் சேர்ந்தவர். ஈய எழுத்துகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும்வரை அதே வேலைதான். கல்யாணப் பத்திரிகை, தீமிதி நோட்டீஸ், சங்க ஆண்டு மலர் எல்லாம் அவர் ஸ்டிக்கில் எழுத்தெழுத்தாகக் கோத்தவை. திருப்பிப் போட்ட எழுத்தை நேர் எழுத்துபோல வாசிப்பார். சின்ன வயதில் என் பெயரைக் கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி எழுதிக் காட்டுவார், நான் கண்ணாடி முன் போய் நின்று சரிபார்ப்பேன்.

ஹேயின்சாவில் இருப்பது 81,000க்கும் மேற்பட்ட பலகைகள். பௌத்தர்களின் மறைநூல் தொகுப்பான திரிபிடகம் முழுவதையும் சீன எழுத்தில், இருபுறமும், இடவலம் திருப்பிச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு 23 வரி, வரிக்கு 14 எழுத்து. மொத்தம் ஏறக்குறைய 5 கோடியே 20 லட்சம் எழுத்துகள். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் செய்த வேலை இது. அதற்கு முன் செதுக்கி வைத்திருந்த ஒரு தொகுதியை 1232இல் மங்கோலியர் எரித்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். சுகி என்ற துறவி, கையில் கிடைத்த பிரதிகளை எல்லாம் ஒப்பிட்டுப் பிழை பார்த்திருக்கிறார். இதை நான் சொன்னதும் அப்பா முதலில் கேட்டது, "புரூஃப் பார்த்தவர் பேரும் இருக்கா?" என்றுதான்.

உள்ளே போக முன்பதிவு வேண்டும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. முற்றத்தில் நின்று மரச்சட்டம் போட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆனது. பிறகு தெரிந்தது, தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே போகும் அடுக்குகள், அவற்றில் புத்தகங்கள்போல நிறுத்தி வைத்த கறுப்புப் பலகைகள். ஒவ்வொரு பலகையின் இரண்டு முனையிலும் சற்றுத் தடித்த ஒரு கட்டை பொருத்தியிருக்கிறது. அதனால் ஒரு பலகையின் எழுத்து அடுத்த பலகையில் உரசாது, நடுவில் காற்றும் போகும். அப்பா அந்த முனைக்கட்டையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்து எழுத்தோட முட்டினா முகம் போயிடும். இவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றார்.

மடத்திலேயே ஒரு பக்கம் நகல் பலகை வைத்து, நாமே மை தடவி ஒரு தாள் அச்சடிக்கலாம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நேரமாகிவிட்டது, காலையில் வேலை.

தேக்காக்காரன், ஞாயிறு இரவு 11.05

அப்பாவைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் வேறு கருத்தும் சொல்ல வேண்டும். நாங்களும் போனோம். ஆறரை மணி நேர விமானம், சோலிலிருந்து தேகுவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு தூரம் போய்ச் சந்து வழியாக எட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். படமும் எடுக்க விடுவதில்லை. என் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. உலக மரபுடைமை என்றால் உலகத்துக்குக் காட்ட வேண்டாமா? மலை மடம்தான் பார்க்க வேண்டுமென்றால் பூட்டான் தக்சாங் போகலாம். பாறை விளிம்பில் தொங்குகிற மாதிரி இருக்கும். கண்டவுடன் கைகூப்பத் தோன்றும்.

ஈசூன்மலையேறி, திங்கள் காலை 7.20

தக்சாங் போயிட்டு வந்த அனுபவம் இருக்கு, அதனால சொல்றேன். அண்ணன் சொன்னது சரிதான், முதல் தடவை மேகம் விலகி அது தெரியுறப்போ பேச்சே வராது. ஆனா அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா நல்லா யோசிச்சுக்குங்க. மடம் இருக்குற உயரம் 3,120 மீட்டர். பாரோ பள்ளத்தாக்கிலேருந்து பாத்தா கிட்டத்தட்ட 900 மீட்டர் மேல. நம்ம புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான், அங்க வாராவாரம் ஏறுறேன்னு தைரியமாப் போனேன். பாதி வழியில் தலைவலி ஆரம்பிச்சிருச்சு. பாதி தூரம் வரைக்கும் குதிரை கிடைக்கும், அதுக்கப்புறம் நடைதான். கடைசியில எழுநூறு படிக்கு மேல இறங்கி ஏறணும். திரும்பி வர்றப்பவும் அதே படி. என் மனைவிக்கு முழங்கால் ரெண்டு வாரம் வலிச்சுது.

செலவும் பாத்துக்குங்க. சிங்கப்பூர்க் கடப்பிதழ்னா ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு 100 அமெரிக்க டாலர் அரசாங்கத்துக்கே கட்டணும், விசா தனி. இந்தியக் கடப்பிதழ் வச்சிருக்கிற நிரந்தரவாசிகளுக்கு 1,200 ரூபாய்தான்.

ஒரு விஷயம். தக்சாங் 1692ல கட்டினது. ஆனா 1998ல தீப்பிடிச்சு எரிஞ்சு, மறுபடி கட்டினதைத்தான் நாம இப்போ பாக்குறோம். வழிகாட்டித் தம்பி இதைச் சொல்றப்போ அவர் குரலே மாறிடுச்சு. அப்போ அவர் சின்னப் பையனாம், கீழ ஊர்லேருந்து புகையைப் பாத்தாராம்.

ஈயஎழுத்து (அங் மோ கியோ), திங்கள் இரவு 9.30

ஈசூன் அண்ணா, கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் தேக்காக்காரன் அண்ணனுக்கும் என் பதில்.

ஹேயின்சா கி.பி. 802இல் தொடங்கிய மடம். எத்தனையோ முறை எரிந்திருக்கிறது. 1817இல் பெரும் தீ, பிரதான மண்டபம் போய் அடுத்த ஆண்டு புதிதாகக் கட்டியது. பலகைக் கூடம் மட்டும் 15ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது. அது மடத்தின் மிக உயரமான இடத்தில், மற்றக் கட்டடங்களுக்குப் பின்னால், தனிச் சுவருக்குள் இருக்கிறது. கூடத்துக்குள் விளக்கு கிடையாது, அடுப்பு கிடையாது. ஆளை உள்ளே விடாததும் பலகைகளைக் காக்கத்தான். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நாளில் உள்ளே போய் வந்தால் அவர்கள் மூச்சும் வியர்வையும் போதும் மரத்தைக் கெடுக்க.

அந்தக் கூடத்தைக் கட்டியவர்களின் அறிவை நின்று பார்க்க வேண்டும். முன்சுவரில் கீழ் ஜன்னல் பெரியது, மேல் ஜன்னல் சின்னது. பின்சுவரில் நேர் எதிராக, கீழே சின்னது, மேலே பெரியது. பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று கீழே நுழைந்து, அடுக்குகளைச் சுற்றி, பின்பக்கம் மேலே வெளியேறும். தரைக்கு அடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு, களிமண் என்று அடுக்கி இடித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு, வறண்ட காலத்தில் திரும்பக் கொடுக்கும். 1970களில் அரசாங்கம் நவீனக் கிடங்கு ஒன்றைக் கட்டி, சோதனைக்குச் சில பலகைகளை அங்கே வைத்தது. பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்ததும் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு ஜன்னலைக் காட்டுங்கள் அண்ணா. என் மகன் வெளியே முன்சுவருக்கும் பின்சுவருக்கும் மாறி மாறி ஓடி எந்த ஜன்னலில் காற்று வருகிறது என்று கை நீட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒன்பது வயது.

2021 முதல் முன்பதிவு செய்த சிறு குழுக்களை உள்ளே அழைத்துப் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேதி முடிவானவுடன் மடத்தின் இணையப் பக்கத்தில் முயன்று பாருங்கள்.

பொங்கோல்மகள், திங்கள் இரவு 10.02

அக்கா, எனக்கு ரெண்டு கேள்வி. அம்மா சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூட வெள்ளி செவ்வாய் சேர்க்கமாட்டாங்க. கொரியாவுல எதுல பாத்தாலும் மீன் சாறு இருக்குமேன்னு பயமா இருக்கு. இன்னொண்ணு, நான் சிங்கப்பூர்க் குடியுரிமை, அம்மா இந்தியக் கடப்பிதழ்ல நீண்டகால அனுமதியில இருக்காங்க. விசா?

ஜூரோங்செல்வம், திங்கள் இரவு 10.41

தங்கச்சி, சாப்பாட்டுக்கு அம்மாவுக்கு அந்த நாட்டிலேயே நிம்மதியான இடம் மடம்தான். கொரியத் துறவிகள் மீன், இறைச்சி மட்டுமில்லை, பூண்டு, வெங்காயம் மாதிரி நெடி உள்ள ஐந்து வகையையும் தொடமாட்டார்கள். கிம்ச்சிகூட மீன் சாறு இல்லாமல்தான் போடுவார்கள். நாங்கள் தங்கியபோது சோறு, சோயா விழுதுச் சூப், ஐந்தாறு வகைக் கீரை, காளான், ஊறுகாய் கொடுத்தார்கள். எள்ளெண்ணெய் வாசனை நம் நல்லெண்ணெய்க்குச் சற்றுப் பக்கத்தில் வரும். என் மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எடுத்ததை மிச்சம் வைக்கக்கூடாது, அதை மட்டும் அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு கிண்ணம் வைத்துச் சாப்பிடும் முறை ஒன்று இருக்கிறது. கடைசியில் ஒரு துண்டு ஊறுகாயால் கிண்ணத்தைத் துடைத்து, அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவார்கள். என் பாட்டி தட்டில் ஒரு பருக்கை விடமாட்டார். அவர் நினைவு வந்துவிட்டது எனக்கு.

மடத்துக்கு வெளியில், தேகுவிலும் சோலிலும், கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஊறுகாயும் உப்புமா மாவும் எடுத்துப் போங்கள்.

விசா: உங்களுக்குத் தேவையில்லை, 90 நாள் இருக்கலாம். அம்மாவுக்குக் கண்டிப்பாக வேண்டும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அதை முடியுங்கள்.

தேகுவில் மெட்ரோ முதல் தடத்தில் சொபு ஜொங்னியுஜாங் நிலையத்தில் (பழைய பெயர் சொங்டாங்மொட்) இறங்கினால் பக்கத்திலேயே மேற்குப் பேருந்து நிலையம். ஹேயின்சா பேருந்து அங்கிருந்துதான். மடத்து நுழைவுக் கட்டணத்தை 2023இல் எடுத்துவிட்டார்கள்.

கிளமெண்டிஆசிரியர், செவ்வாய் மாலை 5.15

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். இந்த இழையை மகள் காட்டினாள். ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன்.

அந்தப் பலகைகளில் நம் காஞ்சிபுரமும் இருக்கிறது. வஜ்ரபோதி என்ற துறவி காஞ்சியில் பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் இருந்தவர். அங்கிருந்து கப்பலேறி, இலங்கை வழியாக, நமக்கு அண்டையில் சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜயத்தில் தங்கி, 720ஐ ஒட்டிச் சீனத் தலைநகரை அடைந்தார். அங்கே அவர் சீனத்தில் மொழிபெயர்த்த நூல்கள் திரிபிடகத் தொகுதியில் சேர்ந்தன. கொரியாவைச் சேர்ந்த ஹியேச்சோ என்ற இளந்துறவி அவருடைய மாணவர். பின்னாளில் இந்தியாவுக்கே வந்து பயணக் குறிப்பு எழுதியவர் அவர். அதேபோல, காஞ்சியில் பிறந்து நாலந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கிய தர்மபாலரின் கருத்துகளை யுவான் சுவாங் சீனத்துக்குக் கொண்டுபோனார். அதுவும் அத்தொகுதியில் உண்டு. ஆக, தங்கள் தந்தையார் ஜன்னல் வழியே பார்த்த அடுக்குகளில் எங்கோ ஓரிடத்தில், காஞ்சியில் கற்றவர் ஒருவரின் சொல் கொரிய மரத்தில் செதுக்கப்பட்டு நிற்கிறது.

நம் பக்கம் தமிழ்ப் பௌத்த நூல்களில் என்ன மிஞ்சியது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மணிமேகலை கிடைத்தது, 1898இல் உ.வே.சா. அச்சேற்றினார். வீரசோழியம் என்ற இலக்கண நூல் கிடைத்தது. குண்டலகேசி போய்விட்டது. பிறர் மேற்கோள் காட்டிய சில பாடல்கள் தவிர மீதி இல்லை. முப்பத்தொரு ஆண்டு வகுப்பில் ஐம்பெருங்காப்பியங்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது "குண்டலகேசிப் புத்தகம் எங்கே கிடைக்கும் சார்?" என்று கேட்பார்.

செங்காங்தமிழன், செவ்வாய் இரவு 8.50

ஐயா, கொரியாவுக்கும் நமக்கும் அதைவிடப் பழைய உறவு இருக்கே! கி.பி. 48ல கடல் வழியாப் போய் கயா நாட்டு ராஜாவைக் கல்யாணம் பண்ணின ராணி ஹோ தமிழச்சிதான். அம்மா, அப்பான்னுதான் அவங்களும் கூப்பிடுறாங்க. ஹேயின்சா இருக்குற மலைக்கே கயா மலைன்னு பேரு. இதை யாரும் எழுதலையேன்னு ஆச்சரியமா இருக்கு.

கிளமெண்டிஆசிரியர், செவ்வாய் இரவு 9.40

தம்பி, உங்கள் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் சான்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ராணி ஹோவின் கதை சம்குக் யுசா என்ற நூலில் வருகிறது. அது 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்தது. நிகழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் இடையே ஆயிரத்திருநூறு ஆண்டுகள். அவர் பிறந்த நாடு "ஆயுத" என்றுதான் அதில் இருக்கிறது. அயோத்தி என்று ஒரு சாராரும் தமிழகம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள், எதுவும் உறுதியாகவில்லை. அம்மா, அப்பா போன்ற ஒலிகள் உறவில்லாத பல மொழிகளிலும் உண்டு. வஜ்ரபோதிக்கு அவர் காலத்துக்கு அருகிலேயே எழுதப்பட்ட வரலாறு இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்வதற்கு அது போதும், பெருமையும் குறையாது.

செங்காங்தமிழன், செவ்வாய் இரவு 10.11

நன்றி ஐயா. ஆயிரத்திருநூறு வருஷ இடைவெளின்னு தெரியாது. வஜ்ரபோதி பேரை இன்னிக்குத்தான் கேள்விப்படுறேன். தேடிப் படிக்கிறேன்.

பீஷான்வாசுகி, புதன் காலை 6.55

இங்கே யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். என் கணவர் முருக பக்தர், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். மடத்தில் தங்கினால் 108 முறை விழுந்து வணங்கச் சொல்வார்கள் என்று படித்தேன். அது சரியாக இருக்குமா என்று அவருக்குத் தயக்கம். யாருடைய மனதையும் புண்படுத்தக் கேட்கவில்லை.

ஈயஎழுத்து (அங் மோ கியோ), புதன் இரவு 9.15

வாசுகி அக்கா, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முழங்கால் வலி என்றால் உட்கார்ந்து பார்க்கலாம், வேண்டாம் என்றால் அறையிலேயே இருக்கலாம். அப்பா உட்கார்ந்துகொண்டார். நான் 108ம் செய்தேன். நாற்பதுக்கு மேல் போனபோது எண்ணுவதை விட்டுவிட்டேன், பக்கத்திலிருந்த கொரியப் பாட்டியின் மூச்சுக்கு ஏற்ற மாதிரி என் உடம்பு எழுந்து இறங்கியது. சமயபுரத்தில் அங்கப்பிரதட்சணம் செய்த என் அத்தை இதைத்தான் சொல்லியிருப்பாரோ என்று தோன்றியது.

அக்கா, அவரை மாலை முரசுக்காவது நிற்கச் சொல்லுங்கள். பூசைக்கு முன் நான்கு வாத்தியம் ஒலிக்கும். தோல் முரசு நிலத்து உயிர்களுக்கு, மரமீன் நீர்வாழ் உயிர்களுக்கு, மேக வடிவ வெண்கலத் தகடு பறவைகளுக்கு, பெரிய மணி பாதாளத்தில் துன்பப்படுகிறவர்களுக்கு. முரசை ஒரு துறவி அடித்துக் களைத்ததும் அடுத்தவர் கோலை வாங்கிக்கொள்வார், ஓசை அறுபடாது. ஆளுயரத்துக்கும் பெரிய முரசு. வயிற்றுக்குள் அதிரும். உருமி கேட்டு வளர்ந்தவர் அவர், அவருக்குப் புரியும்.

விடியும் முன்பே மறுபடி எழுப்புவார்கள். தரையில் மெத்தை விரித்துப் படுக்கை, ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை. தரைக்கு அடியில் சூடேற்றியிருப்பார்கள், குளிர் தெரியாது. நாங்கள் போனது அக்டோபர் கடைசி. மடத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்கு ஹொங்ரியூ என்று பெயர், செந்நீர் என்று அர்த்தமாம். மேப்பிள் இலைகளின் நிறம் தண்ணீரில் விழுந்து அப்படித்தான் இருந்தது.

தேக்காக்காரன், புதன் இரவு 11.20

ஆசிரியர் ஐயா குண்டலகேசி பற்றி எழுதியதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. நம்மிடம் ஏன் இப்படி ஒரு பலகைக் கூடம் இல்லை? சமயப் பகையால் அழித்துவிட்டோம் என்று என் நண்பர் சொல்கிறார். அப்படித்தானா?

கிளமெண்டிஆசிரியர், வியாழன் காலை 10.30

பகையும் இருந்தது, வாதப் போர்களும் இருந்தன, மறுக்கவில்லை. அதை மட்டுமே சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பனையோலை நம் வெப்பத்தில் ஓரிரு நூற்றாண்டுக்கு மேல் தாங்குவது அரிது. பழைய ஓலை நைந்துபோகுமுன் புதிய ஓலையில் ஒருவர் எழுதியாக வேண்டும். மடம் இருந்தால் எழுதுவோருக்குச் சோறு இருக்கும். மடத்துக்கு மானியம் நின்று, துறவிகள் போய்விட்டால், யாரும் எரிக்காமலேயே நூல் அழிந்துவிடும்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை ஒரு சான்று. ஸ்ரீவிஜய மன்னன் கட்டியது. ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குக் கொடுத்தான். அந்தக் கொடையைப் பொறித்த செப்பேடு இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பெயரால் அறியப்படுகிறது. சைவ மன்னன் பௌத்த மடத்துக்கு ஊர் கொடுத்தான் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். விகாரையின் செங்கல் கோபுரம் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1867இல் இடித்துவிட்டார்கள். அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த நூற்றுக்கணக்கான வெண்கலப் புத்தர்கள் இப்போது பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கிறார்கள்.

இங்கேயும் பாருங்கள். 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் நடத்திய 'சிங்கை நேசன்' வார இதழை இன்று நாம் படிக்க முடிகிறதென்றால், யாரோ அந்தத் தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். 2015இல் தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்தபோது பல வீடுகளின் அலமாரிகளிலிருந்துதான் புத்தகங்கள் வந்தன. ஈயஎழுத்து அவர்களே, உங்கள் தந்தையார் கோத்த ஆண்டு மலர்கள் எவையேனும் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தேசிய நூலகத்தில் காட்டுங்கள்.

செம்பவாங்முன்னாள்வீரர், வியாழன் இரவு 8.05

ஆகாயப்படையில் விமானப் பராமரிப்பில் இருபது வருடம் இருந்தவன். இந்த மடத்தில் ஒரு விமானிக்கு நினைவுக்கல் இருக்கிறது, யாரும் குறிப்பிடவில்லை.

1951, கொரியப் போர். கயா மலைக்குள் வடக்கின் கெரில்லாக்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்று ஹேயின்சாவைக் குண்டு வீசி அழிக்க உத்தரவு. விமானக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கிம் யொங்-ஹ்வான். அவர் வீசவில்லை. தம் குழுவையும் வீச விடவில்லை. போர்க்காலத்தில் உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்று படையில் இருந்தவனுக்குத் தெரியும். நான் அந்தக் கல்லுக்கு முன் நின்று சல்யூட் அடித்தேன். அவருக்கு 2010இல், இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, நாட்டின் உயரிய பண்பாட்டு விருதைக் கொடுத்தார்கள்.

போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

தேக்காக்காரன், வியாழன் இரவு 9.48

நான் அந்தக் கல்லைக் கடந்துதான் போயிருப்பேன். பார்க்கவில்லை. டிசம்பரில் மறுபடி போகலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை தங்குவோம். ஈயஎழுத்து தங்கச்சி, அச்சடித்ததைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்களே?

ஈயஎழுத்து (அங் மோ கியோ), வெள்ளி இரவு 10.25

ஆசிரியர் ஐயா, ஆண்டு மலர்கள் நான்கு இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் அம்மா வைத்திருந்தது. அடுத்த வாரம் நானும் அப்பாவும் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கு எடுத்துப் போகிறோம்.

அச்சடித்த கதை. நகல் பலகை ஒன்று மேசையில் இருந்தது. அதில் இதய சூத்திரம் என்ற சிறிய பௌத்த நூல், மொத்தம் 260 எழுத்து. மை, தூரிகை, தாள், தேய்க்க ஒரு மெத்தைக் கட்டை. எங்களுக்கு முன்னால் அடித்தவர்கள் மையை அள்ளிப் பூசி எழுத்தெல்லாம் அடைத்துப் போயிருந்தது. அப்பா மை தொட்ட தூரிகையை முதலில் வேறு தாளில் இரண்டு முறை இழுத்துவிட்டு, பிறகு பலகையில் பட்டும் படாமலும் தடவினார். தாளை ஓர் ஓரத்தில் பிடித்து மெல்லப் படியவிட்டு, நடுவிலிருந்து வெளியே தேய்த்தார். உதவிக்கு நின்ற பெண்மணி பேசாமல் தள்ளி நின்றுகொண்டார். தாளை உரித்தபோது ஒரு கோடுகூட அடைக்கவில்லை. அந்தப் பெண்மணி இரண்டு கையாலும் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்பாவைக் கும்பிட்டார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் கும்பிட்டார். அவர் கையில் மை பட்டு நாற்பது வருடம் ஆகியிருந்தது.

பேருந்து வரும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்த ஓர் எழுத்து இருபத்தொரு தடவை வருது" என்றார். சீனம் படிக்கத் தெரியாது அவருக்கு. "எழுத்துப் பெட்டி கேஸ்ல எந்த எழுத்து முதல்ல தீரும்னு பார்த்துக்கிட்டே இருப்போம். எங்களுக்கு 'ம்' தீரும். இவங்க ஈயத்துல கோத்திருந்தா இதுதான் தீர்ந்திருக்கும்."

ஊருக்கு வந்து சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம், அம்மா படத்துக்குப் பக்கத்தில். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி ஞாயிற்றுக்கிழமை பழம் கொடுக்க வந்தார். பிரைட் ஹில் மடத்துக்கு விசாக நாளில் தவறாமல் போகிறவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டத்துக்கு முன் நின்று, பார்க்காமலேயே முழுவதையும் சொல்ல ஆரம்பித்தார். அப்பா பக்கத்தில் போய் அந்த எழுத்தைக் காட்டி, மலாயில் இது என்ன என்று கேட்டார். "வூ" என்றார் ஆண்ட்டி. "தாடா." இல்லை என்று அர்த்தம்.

அப்பா இன்னொரு முறை சொல்லச் சொன்னார். ஆண்ட்டி மெதுவாகச் சொன்னார். வூ வரும் ஒவ்வோர் இடத்திலும் அப்பாவின் விரல் கண்ணாடி மேல் சரியாக அந்த எழுத்துக்குப் போய் நின்றது. இருபத்தொன்று.